சென்னையில் மழைக்குப் பஞ்சமா?

லண்டன் நகரம் ஓயாத மழைக்குப் பேர்போனது என்றும், நம் சென்னைப் பட்டணம் மழைக்கு ஏங்கும் ஊர் என்றும் நம்மில் அநேகர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். கணக்கைப் பார்த்தாலோ ஆச்சரியமாயிருக்கிறது! லண்டனில் வருஷம் ஒன்றுக்குப் பெய்வது சுமார் 24 அங்குலம். சென்னையில் சுமார் 55 அங்குலம். ஆனால் அங்கே அந்த மழை நூறு நாட்களுக்கு மேல் சிறுகச் சிறுகத் தூறுகிறது. இங்கேயோ பாதிக்கு மேற்பட்ட மழை ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய மூன்றே மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது.

இன்று மழையா, வெயிலா என்பது வானிலை. முப்பது வருஷத்துக் கணக்கைக் கூட்டிச் சராசரி பார்த்து, 'இவ்வூரின் சுபாவம் இது' என்று பூகோள சாஸ்திரிகள் கூறுவது சீதோஷ்ண நிலை. ஒருவருடைய இன்றையக் கோபம் வேறு, குணம் வேறு அல்லவா?

நம் ஊரின் குணம் இப்படி அமைந்ததற்குக் காரணம் என்ன? கோடையில் நிலம் கடலைவிடச் சீக்கிரம் சூடேறுகிறது. சூடான காற்று லேசாகி மேலே எழும்ப, அவ்விடத்தை நிரப்பக் கடற்காற்று நீராவியைச் சுமந்துகொண்டு தென்மேற்கிலிருந்து வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை அதை வழிமறிக்கிறது. மலைமேல் ஏற ஏறக் காற்று விரிந்து குளிர்கிறது. நீராவி மேகமாகி மழையாகிறது. கேரளத்தில் ஆனி, ஆடியில் அடைமழை பெய்வது இதனால்தான். மலையைத் தாண்டி இறங்கும் காற்றோ மீண்டும் சூடேறி வறண்டுபோகிறது. ஆகவே நமக்கு அப்போது கிடைப்பது பெரும்பாலும் மாலை நேரத்து இடிமழையே.

புரட்டாசி கழிந்ததும் நிலம் ஆறுகிறது; காற்றும் திசை மாறுகிறது. வடகிழக்கிலிருந்து வரும் காற்று வங்காள விரிகுடாவில் நீராவியை ஏற்றிக்கொள்கிறது. கடலில் காற்றழுத்தத் தாழ்வு ஏற்பட்டால் இரண்டு மூன்று நாட்கள் விடாமல் பொழியும். ஏற்படாவிட்டால் வானம் வெறிச்சோடிக் கிடக்கும்.

இந்தச் சுபாவத்தை நம் முன்னோர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். செங்கற்பட்டுப் பக்கம் ஊருக்கு ஊர் ஏரி வெட்டினார்கள். பத்தாம் நூற்றாண்டில் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு, குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏரி வாரியத்தைப் பற்றிக் கூறுகிறது. ஏரியைக் காப்பது ஊராரின் சொந்தக் காரியமாக இருந்தது!

நாம் என்ன செய்தோம்? வேளச்சேரி ஏரியும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் சுருங்கும்படி வீடுகளைக் கட்டினோம். 2015-ஆம் வருஷம் டிசம்பர் முதல் தேதி சென்னையில் 24 மணி நேரத்தில் 11 அங்குலத்துக்கு மேல் பெய்தது. நகரம் வெள்ளத்தில் மிதந்தது. நான்கு வருஷம் நிரம்புமுன், 2019-ஆம் வருஷக் கோடையில் நகரின் நீர்த்தேக்கங்கள் வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வரவேண்டியதாயிற்று. வெள்ளமும் பஞ்சமும் அடுத்தடுத்து வந்த இந்த விபரீதத்துக்கு வானத்தை மட்டும் குறை கூறலாமா?

வானிலையை மாற்ற நம்மால் ஆகாது. ஊரின் சீதோஷ்ண நிலையை அறிந்து அதற்கேற்ப வாழ நம்மால் ஆகும். ஐப்பசி பிறக்குமுன் வீட்டுக் கூரைநீர் கிணற்றைச் சேர வழி செய்வோம்; ஊர் ஏரிக்கு வரும் கால்வாய் அடைபட்டிருக்கிறதா என்று போய்ப் பார்ப்போம். வருஷத்தில் சில நாட்களே வரும் விருந்தாளிக்கு வீட்டில் இடம் வைத்திருக்க வேண்டாமா?