முள்வேலிக்குள் ஒரு கமரா

போரின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் படைகளின் நகர்வையும் தலைவர்களின் ஆணைகளையுமே ஆதாரமாகக் கொள்வர். வீட்டை இழந்து வேற்றிடத்தில் குடியேற்றப்பட்ட மக்கள் எவ்வாறு உண்டனர், எவ்வாறு உறங்கினர், தம் குழந்தைகளை எவ்வாறு வளர்த்தனர் என்பன அவ்வாதாரங்களில் அருகியே காணப்படும். அக்குறையை ஓரளவு நிரப்புவன, தனிமனிதர் தம் சொந்தக் கமராவினால் எடுத்துவைத்த படங்களாகும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஐக்கிய அமெரிக்காவில் டேவ் தட்சுனோ என்னும் வணிகர் எடுத்த படம் இதற்குத் தக்க சான்று.

1941 டிசெம்பர் 7ஆந் திகதி யப்பானிய விமானங்கள் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கின. 1942 பெப்ரவரி 19ஆந் திகதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஓர் ஆணையில் கையொப்பமிட்டார். அதன் விளைவாக மேற்குக் கரையோரத்தில் வாழ்ந்த யப்பானிய வமிசத்தினர் ஏறக்குறைய 120,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்கக் குடிமக்களே. சான்பிரான்சிஸ்கோப் பகுதி மக்கள் முதலில் தன்போரன் குதிரைப் பந்தயத் திடலுக்கு அனுப்பப்பட்டனர். குதிரை லாயங்களே பலருக்கு வீடாயின. பின்னர் அவர்கள் யூட்டா மாநிலத்துப் பாலைநிலத்திலிருந்த டோப்பாஸ் முகாமைச் சேர்ந்தனர். புட்பராக மணியின் பெயர் தாங்கிய அவ்விடத்தில் 8,000 பேருக்கு மேற்பட்டோர் முள்வேலிக்குள் வாழ்ந்தனர்.

சான்பிரான்சிஸ்கோவில் கடை நடத்திய தட்சுனோவும் அங்கு அடைபட்டார். யப்பானிய வமிசத்தினர் கமரா வைத்திருத்தல் அக்காலத்தில் தடுக்கப்பட்டிருந்தது. எனினும் அவர் முகாமின் கூட்டுறவுப் பண்டகசாலையில் பணியாற்றியபொழுது, படமெடுப்பதில் விருப்பமுள்ள மேலதிகாரி ஒருவரின் உதவியால் அவருடைய எட்டு மில்லிமீற்றர் கமரா அவர் கைக்கு வந்து சேர்ந்தது. அதனை ஒளித்து வைத்து, காவலர் கண்ணிற் படாத வேளைகளில் அவர் படமெடுத்தார்.

அப்படத்தில் பேச்சில்லை, வண்ணம் உண்டு. வரிசையாக நிற்கும் மரக்கொட்டகைகள், பனிமேல் சறுக்கி விளையாடும் சிறுவர், வறண்ட மண்ணில் தோட்டம் செய்வோர், புத்தாண்டுக்கு அவித்த அரிசியை இடிப்போர், தேவாலயத்துக்குச் செல்லும் குடும்பத்தினர் ஆகியோர் அதில் தோன்றுகின்றனர். பிறர் எடுக்கும் படத்தின்முன் மனிதர் விறைத்து நிற்பதுண்டு. இங்கோ படமெடுப்பவர் அண்டை வீட்டுக்காரர். ஆகவே மக்கள் இயல்பாக நடமாடுகின்றனர்.

ஆயினும் இப்படத்தைக் காண்போர் ஓர் உண்மையை மறத்தலாகாது. அச்சத்தினால் காவற்கோபுரங்களையும் முள்வேலியையும் அவர் பெரும்பாலும் தவிர்த்தார். 1943 ஏப்ரலில், வேலியருகே நடந்துசென்ற 63 வயது முதியவர் ஒருவரைக் காவற்படையினன் ஒருவன் சுட்டுக் கொன்றான். அக்கொலைக்கு இப்படம் சாட்சியன்று. கமராவைக் கண்டு புன்னகை புரியும் முகங்களே அதில் மிகுதி. அம்முகங்களை மட்டும் பார்ப்பவர், முகாம் வாழ்வு இன்பமாகவே கழிந்ததென மயங்கக்கூடும். தட்சுனோவே பிற்காலத்தில் இதனைச் சுட்டிக் காட்டியதுண்டு. மக்கள் உள்ளத்திலிருந்த ஏக்கத்தையும் தனிமையையும் கமராவின் கண் காணாது என்பதே அவர் கருத்து.

ஆகவே, இத்தகைய படம் தனித்து நின்று முழு வரலாறாகாது. ஆணைகளும் கடிதங்களும் உயிர்தப்பியோரின் வாய்மொழிகளும் அதனுடன் சேர்த்துப் பார்க்கப்படல் வேண்டும். அவ்வாறு பார்க்கும்பொழுது அப்புன்னகைக்கும் வேறு பொருள் பிறக்கிறது. உரிமை பறிக்கப்பட்ட நிலையிலும் தம் பிள்ளைகளுக்காக வாழ்வைச் செம்மையாக நடத்த முயன்ற பெற்றோரின் உறுதி அதில் தெரிகிறது.

1945 ஒக்டோபரில் டோப்பாஸ் முகாம் மூடப்பட்டது. 1988இல் அமெரிக்க அரசு மன்னிப்புக் கோரி, அன்று உயிருடனிருந்தோர் ஒவ்வொருவருக்கும் 20,000 டொலர் வழங்கச் சட்டமியற்றியது. 1996இல் தட்சுனோவின் படம், பேணத்தக்க படங்களுக்கான அந்நாட்டுத் தேசியப் பதிவேட்டில் இடம்பெற்றது. குடும்ப நினைவுக்கென மறைவாக எடுக்கப்பட்ட படச்சுருள், அதே நாட்டின் பொதுச்சொத்தாயிற்று.