தூக்கத்துக்குச் சாட்சி யார்?

இன்று ஒரு கேள்வியோடு தொடங்குவோமா?

தாத்தா குறட்டை விடுகிறார். அடுத்த அறையில் படுத்திருக்கும் உனக்கு அது நன்றாகக் கேட்கிறது. ஆனால் காலையில் சொன்னால், "நானா? குறட்டையா?" என்று கேட்கிறார். அவர் குறட்டை அவருக்கு மட்டும் ஏன் தெரியவில்லை?

இந்தக் கேள்வி உனக்கு முன்பே தோன்றியிருக்கிறதா? அப்படியானால் உனக்கு ஒரு சபாஷ்! எல்லோரும் பார்த்துச் சிரிப்பதை, நீ பார்த்து யோசித்திருக்கிறாய்.

விடை இதுதான். தூங்கும்போது மூளை வெளிச் சத்தங்களை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. நடுவில் சில நொடிகள் விழித்தாலும், அது காலையில் நினைவில் இருப்பதில்லை. பல் வலித்தால் நாமே டாக்டரிடம் சொல்லிவிடலாம். தூக்கத்தில் ஒரு கோளாறு என்றால்? வேறு யாராவது பார்த்துத்தான் சொல்ல வேண்டும். தூக்கத்துக்கு ஒரு சாட்சி தேவை!

சரி, குறட்டை எப்படி வருகிறது?

இளநீர்க் கடையில் காகித ஸ்ட்ரா தருவார்கள் அல்லவா? அது ஈரத்தில் ஊறிப் போனதும் பலமாக உறிஞ்சிப் பார். இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளும். பாதி ஒட்டினால் 'சர்ர்' என்று சத்தம் வரும். முழுவதும் ஒட்டிவிட்டால் இளநீர் வரவே வராது.

நம் தொண்டையும் மென்மையான குழாய்தான். விழித்திருக்கும்போது தசைகள் அதை விரித்துப் பிடித்திருக்கின்றன. தூங்கும்போது அந்தத் தசைகள் தளர்கின்றன. குழாய் குறுகினால் உள்ளே போகும் காற்று அதன் சுவரை அதிரச் செய்கிறது. அந்த அதிர்வுதான் குறட்டை. குழாய் முழுவதும் ஒட்டிக்கொண்டால் மூச்சே நின்றுவிடும்! பெரியவர்களுக்கு இப்படி 10 நொடியோ அதற்கு மேலோ நின்றால், அதை 'ஆப்னியா' என்று டாக்டர்கள் கணக்கில் எழுதுவார்கள்.

பயப்படாதே. மூளை உடனே உடலை உசுப்பிவிடும். 'ஹக்' என்று ஒரு திணறலோடு மூச்சு திரும்ப வந்துவிடும். ஆனால் ஓர் இரவில் இப்படிப் பல முறை நடந்தால், தூக்கம் துண்டு துண்டாகிவிடும். எட்டு மணி நேரம் படுத்திருந்தும் காலையில் களைப்பு போகாது. இதயத்துக்கும் சுமை கூடும்.

இதுவரை புரிந்ததா? குறுகினால் குறட்டை, அடைத்தால் ஆப்னியா. நீயே ஒரு முறை சொல்லிப் பார்.

தாத்தாக்களுக்கு மட்டும்தான் இது வருமா? இல்லை, சின்னப் பிள்ளைகளுக்கும் வரும். தொண்டையின் இருபுறமும் டான்சில் இருக்கிறது. மூக்குக்குப் பின்னால் அடினாய்டு இருக்கிறது. சில பிள்ளைகளுக்கு இவை பெரிதாகி மூச்சுப் பாதையை அடைக்கும். சளி பிடித்த நாளில் மட்டும் குறட்டை வந்தால் கவலை வேண்டாம். சளி இல்லாமலே வாரத்தில் பல இரவுகள் வந்தால் கவனிக்க வேண்டும்.

வேறு அறிகுறிகளும் உண்டு. வாயைத் திறந்தபடி தூங்குவது, கழுத்தைப் பின்னால் வளைத்துப் படுப்பது, வியர்த்துக் கொட்டுவது, காலையில் தலைவலியோடு எழுவது ஆகியவை அவற்றில் சில. பகலில் பெரியவர்கள் தூங்கி வழிவார்கள். பிள்ளைகளோ பல நேரம் அதற்கு நேர்மாறு! ஓரிடத்தில் உட்காராமல் துறுதுறுவென்று இருப்பார்கள், சட்டென்று கோபப்படுவார்கள், பாடத்தில் மனம் நிற்காது. சில பிள்ளைகள் படுக்கையை நனைப்பதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம். அதனால் அப்படி நனைக்கும் பிள்ளையை ஒருபோதும் கேலி செய்யாதே, என் செல்லமே. அது அந்தப் பிள்ளையின் தவறே அல்ல.

இப்போது ஓர் உண்மைக் கதை. 1951-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம். யூஜின் அசெரின்ஸ்கி என்ற மாணவர் தூக்கத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். தன் எட்டு வயது மகனின் கண்களுக்குப் பக்கத்தில் மெல்லிய கம்பிகளை ஒட்டி, அவனைத் தூங்க வைத்தார். அடுத்த அறையில் இருந்த கருவியின் பேனாக்கள் காகிதத்தில் கோடு போட்டன. திடீரென்று பேனாக்கள் வேகமாக ஆடின. "பையன் விழித்துவிட்டான்" என்று நினைத்து ஓடிப் போய்ப் பார்த்தார். பையன் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தான்! மூடிய இமைகளுக்குள் கண்கள் மட்டும் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தன.

கனவுகள் அதிகம் வரும் தூக்கம் இதுதான் என்று பிறகு தெரிந்தது. தன் ஆசிரியர் நதானியல் கிளைட்மனோடு சேர்ந்து 1953-இல் அவர் இதை உலகுக்கு அறிவித்தார். ஒரு சின்னப் பையனின் தூக்கம் எவ்வளவு பெரிய ரகசியத்தைச் சொல்லிவிட்டது, பார்த்தாயா!

இன்று மருத்துவமனையில் செய்யும் தூக்கப் பரிசோதனையும் இந்த வழியில் வளர்ந்ததுதான். மாலையில் போய், இரவு அங்கேயே தூங்க வேண்டும். அம்மாவோ அப்பாவோ கூடவே இருக்கலாம். தலையில் ஒட்டும் கம்பிகள் மூளையின் மின் அலைகளைப் பார்க்கும். கண்ணருகே ஒட்டுபவை கண் அசைவைப் பார்க்கும். மூக்கில் வைக்கும் சிறு குழாய் காற்றோட்டத்தைக் கவனிக்கும். மார்பிலும் வயிற்றிலும் கட்டும் பட்டைகள் மூச்சின் ஏற்ற இறக்கத்தை அளக்கும். விரலில் ஒரு கிளிப் மாட்டுவார்கள். அது விரலுக்குள் ஒளியைச் செலுத்தி, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று சொல்லும். ஜப்பானியப் பொறியாளர் தாகுவோ அவோயாகி 1974-இல் அறிவித்த முறை அது.

ஊசி உண்டா என்றுதானே கேட்கிறாய்? கிடையாது, கண்ணே! எல்லாமே மேலே ஒட்டுவதும் கட்டுவதும்தான். வலிக்கவே வலிக்காது.

வீட்டிலேயே செய்யும் பரிசோதனையும் இருக்கிறது. மூக்குக் குழாய், மார்புப் பட்டை, விரல் கிளிப் ஆகியவை கொண்ட சிறிய கருவியைத் தருவார்கள். சொந்தப் படுக்கையில் தூங்கலாம். பெரும்பாலும் பெரியவர்களுக்குத்தான் இது. ஏன் தெரியுமா? வா, ஒரு கணக்குப் போடுவோம்.

ஒருவருக்கு ஓர் இரவில் 40 முறை மூச்சு தடைப்பட்டது. கருவி 8 மணி நேரம் ஓடியது. 40-ஐ 8-ஆல் வகுத்தால் மணிக்கு 5. ஆனால் அவர் உண்மையில் தூங்கியது 5 மணி நேரம்தான். அப்படியானால்? 40-ஐ 5-ஆல் வகுக்க வேண்டும். மணிக்கு 8! வீட்டுக் கருவியில் பொதுவாக மூளை அலையைப் பார்க்கும் கம்பி இருக்காது. அதனால் நாம் தூங்கினோமா, சும்மா படுத்திருந்தோமா என்பது அதற்குத் தெரியாது. நோயைக் குறைத்துக் காட்டிவிடலாம்.

பெரியவர்களுக்கு மணிக்கு 5-க்குக் கீழே இருந்தால் இயல்பு. 30-ஐத் தொட்டால் கடுமை. பிள்ளைகளுக்கோ மணிக்கு ஒன்றைத் தாண்டினாலே டாக்டர் கவனிப்பார். இவ்வளவு நுட்பமாகப் பார்க்க வேண்டியிருப்பதால்தான் பிள்ளைகளை மருத்துவமனைக்கே வரச் சொல்கிறார்கள். பெரியவர்களுக்கும், வீட்டில் 'ஒன்றுமில்லை' என்று வந்த பிறகும் தொல்லை தொடர்ந்தால், மருத்துவமனையில் மறுபடி பார்ப்பது நல்லது.

நோய் தெரிந்துவிட்டால் வழியும் உண்டு. பல பிள்ளைகளுக்கு டான்சிலையும் அடினாய்டையும் அறுவை செய்து எடுத்தால் சரியாகிவிடுகிறது. பெரியவர்களுக்கு ஆஸ்திரேலிய டாக்டர் காலின் சல்லிவன் 1981-இல் ஒரு நல்ல வழி சொன்னார். மூக்கில் ஒரு முகமூடி வைத்து, அதன் வழியே மெதுவாகக் காற்றைச் செலுத்திக்கொண்டே இருப்பது. உள்ளே இருக்கும் காற்றழுத்தம் தொண்டைக் குழாயை ஒட்டவிடாமல் காக்கும். ஊறிய ஸ்ட்ராவை உறிஞ்சாமல் ஊதினால் விரிந்துகொள்ளும் அல்லவா, அதே கணக்கு!

இதில் உன் வேலை என்ன? உன் வீட்டின் முதல் சாட்சி நீதான். ஒரு நோட்டு எடுத்துக்கொள். தாத்தாவோ தம்பியோ குறட்டை விடுகிறார்களா, நடுவில் சத்தம் நின்று திணறலோடு தொடர்கிறதா என்று கேட்டதை எழுது. இதற்காக நீ கண் விழிக்க வேண்டாம். 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். படுக்கப் போகும் முன் கேட்பதே போதும். அம்மாவிடம் சொன்னால் போனில் ஒரு சிறு வீடியோ எடுத்துவைப்பார்.

உன்னையும் கவனித்துக்கொள். போதுமான அளவு தூங்கியும் வகுப்பில் கண் சொருகுகிறதா? இரவில் காலுக்குள் ஏதோ ஊர்வது போலிருந்து, காலை ஆட்டினால்தான் நிம்மதியா? அதையும் சொல். காலில் வரும் தொல்லைக்கு இரும்புச்சத்துக் குறைவும் ஒரு காரணமாக இருக்கலாம். டாக்டர் ரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பார்.

நோட்டில் எழுதியதை வீட்டுப் பெரியவர்களிடம் காட்டு. முதலில் குடும்ப டாக்டர், பிறகு தேவைப்பட்டால் காது மூக்கு தொண்டை டாக்டர். "எத்தனை நாளாக இப்படி?" என்று அவர் கேட்பார். அந்தக் கேள்விக்கு வீட்டில் எல்லோரும் யோசிக்கும்போது, பதில் உன் நோட்டில் இருக்கும்.