மாரத்தானுக்குப் பெயர் கொடுத்துவிட்டு பேட்மின்டன் ஆடப் போகிறீர்களா?

ஜனவரியில் சென்னை மாரத்தான். ஆகஸ்ட்டிலேயே பெயர் கொடுத்து, பணம் கட்டி, புது ஷூவும் வாங்கியாயிற்று. முதல் மாதம் அதிகாலை நாலரை மணி அலாரத்துக்குத் தவறாமல் எழுந்து ஓட்டம். இரண்டாவது மாதம், நண்பர் கூப்பிட்டார் என்று பேட்மின்டன் கோர்ட். அங்கே ஒருவர், "ஞாயிற்றுக்கிழமை ஈ.சி.ஆரில் சைக்கிள் ரைடு, வர்றீங்களா?" என்கிறார். நடுவில் ஜிம்மில் தீபாவளி ஆஃபர். அக்டோபர் முடியும்போது கணக்குப் பார்த்தால், வாரத்தில் ஆறு நாள் உடற்பயிற்சி நடந்திருக்கிறது. அதில் ஓட்டம் ஒரே ஒரு நாள்!

சோம்பேறிகளுக்கு இந்தச் சிக்கல் வராது. சுறுசுறுப்பானவர்களுக்குத்தான் வரும்.

மனம் ஏன் தாவுகிறது?

முழு மாரத்தான் என்பது 42.195 கி.மீ. முதல்முறை ஓடுகிறவர்கள் இதற்கு நான்கைந்து மாதங்கள் தயாராவார்கள். அதில் பெரும்பகுதி, பக்கத்தில் வருபவருடன் பேசிக்கொண்டே ஓடக்கூடிய மெதுவான ஓட்டம். வார இறுதியில் ஒரு நீண்ட ஓட்டம். அது போகப்போக மூன்று மணி நேரத்தைத் தொடும். பார்த்த சாலை, பார்த்த மரம், அதே பால் பூத். சலிக்கத்தான் செய்யும்.

பேட்மின்டனிலோ அரை மணி நேரத்தில் ஜெயித்த சந்தோஷம் கிடைத்துவிடும். ஓட்டத்தின் பலன் தெரிய வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். போதாக்குறைக்கு, கையில் கட்டியிருக்கும் வாட்ச் எந்த விளையாட்டு ஆடினாலும் கலோரிக் கணக்கைக் காட்டி மெச்சுகிறது. 'இன்றைக்குத்தான் வியர்த்துவிட்டதே, ஓட்டம் நாளைக்கு' என்று மனம் சமாதானம் சொல்லிக்கொள்கிறது.

மூச்சு தயார், கால் தயாரா?

சைக்கிள், நீச்சல், ஜும்பா எல்லாமே இதயத்துக்கும் நுரையீரலுக்கும் நல்லவை. அவற்றால் மூச்சு வாங்குவது குறையும், தெம்பு கூடும். ஆனால் சைக்கிளில் நம் எடையை சீட் தாங்குகிறது. நீச்சலில் தண்ணீர் தாங்குகிறது. ஓடும்போது முழுக்கக் கால்தான் தாங்க வேண்டும். ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. மாரத்தான் முடிப்பதற்குள் ஏறத்தாழ 40,000 அடிகள்!

இதயம் பயிற்சிக்குச் சீக்கிரம் பழகும். தசைநாண்களும் எலும்பும் நிதானமாகத்தான் வலுப்பெறும், அதுவும் ஓடி ஓடித்தான். மற்ற பயிற்சிகளால் மூச்சு முந்திக்கொண்டு தயாராகிவிடுவதால், கால்களும் தயார் என்று நினைத்துவிடுகிறோம். கால்களோ 25 கி.மீ.க்கு மேல்தான் உண்மையைச் சொல்லும்.

லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் கதை இதற்கு நல்ல உதாரணம். பின்னாளில் ஊக்கமருந்து விவகாரத்தில் டூர் டி பிரான்ஸ் பட்டங்களை இழந்த அதே சைக்கிள் வீரர்தான். 2006 நவம்பரில் அவர் நியூயார்க் மாரத்தானை ஓடினார். 2 மணி 59 நிமிடம் 36 விநாடி. நல்ல நேரம்தான். ஆனால், தான் உடலால் செய்ததிலேயே இதுதான் மிகக் கடினமானது என்று ஓடி முடித்ததும் சொன்னார். மலை மலையாக சைக்கிள் மிதித்தவரையே கீழ்க்கால் எலும்பை ஒட்டிய வலி படுத்தி எடுத்துவிட்டது.

அப்படியானால் ஓட்டம் மட்டும்தானா?

இல்லை. அன்றைக்கு ஆம்ஸ்ட்ராங்குக்குத் துணையாகக் கூடவே ஓடியவர்களில் ஒருவர் ஜோன் பெனாய்ட். 1984-ல் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில், முதன்முறையாக நடந்த பெண்கள் மாரத்தானில் தங்கம் வென்றவர். அந்த ஒலிம்பிக்குக்கான அமெரிக்கத் தகுதிப் போட்டிக்கு 17 நாள் இருக்கும்போது அவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. ஓட முடியாத நாள்களில் கையால் சைக்கிள் பெடலைச் சுற்றி உடல் தெம்பைக் காப்பாற்றிக்கொண்டார். தகுதிப் போட்டியிலும் ஜெயித்தார்.

அவருக்கு சைக்கிள் ஓட்டத்துக்காக வேலை செய்தது. நமக்கும் அப்படி இருந்தால் எந்தப் பயிற்சியும் நல்லதே.

எதைச் சேர்க்கலாம், எதை ஒத்திவைக்கலாம்?

• முதலில் ஓட்டங்களை காலண்டரில் குறியுங்கள். வார இறுதியில் நீண்ட ஓட்டம், வார நடுவில் சற்று வேகமான ஓட்டம், ஒன்றோ இரண்டோ மெதுவான ஓட்டம். மீதி இடத்தில்தான் மற்றவை.

• வலுவூட்டும் பயிற்சி வாரத்துக்கு இரண்டு முறை, அரை மணி நேரம் போதும். தொடை, இடுப்பு, கெண்டைக்கால் வலுவானால் ஓட்டத்துக்கே லாபம். நீண்ட ஓட்டத்துக்கு முந்தைய நாள் மட்டும் வேண்டாம்.

• நீச்சலும் நிதானமான சைக்கிளிங்கும் ஓட்டம் இல்லாத நாளுக்கு ஏற்றவை. காலுக்கு அடி விழாது.

• பேட்மின்டன், டர்ஃப் கிரிக்கெட், ஃபுட்பால் போன்றவற்றில் சட்டென்று நிற்பதும் திரும்புவதும் அதிகம். கணுக்கால் பிசகினால் பல வாரப் பயிற்சி வீண். கடைசி ஆறு வாரங்களில் தவிர்ப்பது நல்லது. புதிதாக எதையும் அப்போது தொடங்காதீர்கள்.

• ஓய்வு நாள் ஓய்வுக்குத்தான். அன்றைக்குத்தான் உடல் தன்னைச் சரிசெய்துகொள்கிறது.

யாராவது கூப்பிட்டால் மூன்றே கேள்விகள்: இதனால் எந்த ஓட்டம் போகும்? நீண்ட ஓட்டத்தன்று கால் வலிக்குமா? இது எனக்குப் பழக்கமானதா? மூன்றுக்கும் பதில் திருப்தியாக இருந்தால் தாராளமாகப் போகலாம்.

ஏற்கெனவே தடம் மாறிவிட்டதா?

விட்டதைப் பிடிக்கிறேன் என்று 12 கி.மீ.யிலிருந்து ஒரேயடியாக 28-க்குத் தாவாதீர்கள். காயம் வருவதே அங்கேதான். நீண்ட ஓட்டத்தில் வாரத்துக்கு இரண்டு கி.மீ. கூட்டுங்கள். நான்காவது வாரம் கொஞ்சம் குறையுங்கள். ஓரிடத்தில் தொடர்ந்து வலி இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். நாள் போதவில்லை என்றால் 21.1 கி.மீ. அரை மாரத்தானுக்கு மாற முடியுமா என்று போட்டி அமைப்பாளர்களிடம் கேட்டுப் பாருங்கள். 42-ல் பாதியில் உட்காருவதைவிட 21-ஐச் சிரித்துக்கொண்டே முடிப்பது மேல்.

இன்னொன்றும் உண்டு. பேட்மின்டன் பையைத் தூக்கும்போது முகம் மலர்ந்து, ஓட்ட ஷூவைப் பார்த்தாலே அலுப்பு வருகிறதா? மாரத்தான் ஒன்றும் நேர்த்திக்கடன் இல்லை. இந்த வருடம் பேட்மின்டன் ஆடுங்கள், உடம்புக்கு அதுவும் நல்லதுதான். ஆனால் ஏதோ ஒன்றை முடிவுசெய்துவிடுங்கள். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நின்றால் அடிபடப்போவது அந்தக் கால்தான்.