செம்மணல் தேரிக்கு ஒரு நாள்

மணல் மேடு என்றாலே நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஜெய்சல்மேரும் ஒட்டகமும்தான் நினைவுக்கு வரும். மும்பைத் தமிழர்களில் பலரும் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். சொந்த ஊருக்கு அருகிலேயே செக்கச் சிவந்த மணல் மேடுகள் இருப்பதை நம்மில் எத்தனை பேர் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறோம்?

சென்ற கோடை விடுமுறையில் குடும்ப சகிதம் நெல்லையில் ரயிலிறங்கி, வாடகைக் கார் பிடித்து, திருச்செந்தூர் முருகனைத் தரிசித்துவிட்டு, காயாமொழி வழியாகத் தேரிக்குச் சென்றோம்.

"தாத்தா, இந்த மணல் ஏன் இப்படிச் சிவப்பா இருக்கு?" என்றான் பேரன். மணல் மணிகளின் மேல் இரும்பு ஆக்ஸைடு மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கிறது. தண்டவாளத்தில் துருப் பிடிக்கிறதே, அதே இரும்பின் வேலைதான்.

மேடுகளை எழுப்பியது காற்று. தென்மேற்குப் பருவத்தில் மழையை மலைகள் தடுத்துக்கொள்ள, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வறண்ட காற்று மட்டும் பலமாக வீசும். அது பல்லாயிரம் ஆண்டுகளாக வாரிக் குவித்ததே தேரி. சாயர்புரம் போன்ற தேரிப் பகுதிகளில் கிடைத்த சிறு கற்கருவிகளைப் பற்றி ஸாய்னர், ஆல்சின் என்ற அறிஞர்கள் 1956-ல் எழுதியுள்ளனர்.

டிரைவர் தம்பி ஆர்வத்தில் தார் ரோட்டை விட்டு இறங்க, சக்கரங்கள் புதைந்துவிட்டன. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இன்னும் புதையும். டயரில் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டு, சக்கரத்தடியில் பனை ஓலைகளைப் போட்டதும் கார் மெல்ல வெளியே வந்தது. டயர் தட்டையாகி, பாரம் அதிக இடத்தில் பரவுவதே காரணம். ரயில் பாதைக்கு ஸ்லீப்பர் செய்யும் வேலையும் அதுதான்.

மேலே நெருப்பாய்ச் சுடும் தேரி, மழைநீரை உள்ளே வாங்கி ஓரங்களில் ஊற்றாக விடுகிறது. அருஞ்சுனை காத்த அய்யனார் கோவில் சுனையைப் பார்த்த பிள்ளைகளுக்கு ஒரே ஆச்சரியம். பிறகு உடன்குடியில் கருப்பட்டி வாங்கிக்கொண்டு, மாலையில் மணப்பாடு சென்றோம். அங்கே கடலோர மணற்குன்றின் மேல் 1581-ல் கட்டிய திருச்சிலுவைக் கோவில் இருக்கிறது.

எங்கள் பூட்டனாரின் கிணற்றைத் தேரி மூடியதால்தான் குடும்பமே ஊரை விட்டுக் கிளம்பியது என்று என் தகப்பனார் சொல்வார். இன்று பனையும் உடையும் முந்திரியும் வேர்விட்டு அந்த மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன. மரம் போனால் மணல் மறுபடி நடக்கத் தொடங்கும். 2007-ல் சாத்தான்குளம் வட்டாரத் தேரி மணலில் டைட்டானியம் எடுக்கும் திட்டம் வந்தபோது, நிலமும் பிழைப்பும் போய்விடும் என்று ஊரார் எதிர்த்தனர். திட்டம் நின்றது.

அடுத்த முறை ஊர் செல்லும் அன்பர்கள் இதற்கென ஒரு நாள் ஒதுக்குங்கள். காலை 9 மணிக்குள் அல்லது மாலை 4 மணிக்கு மேல் செல்லுங்கள். தண்ணீரும் செருப்பும் அவசியம். காரைத் தார் ரோட்டிலேயே நிறுத்துங்கள். நாம் எந்த மண்ணை விட்டு வந்தோம் என்பதைப் பிள்ளைகள் காலால் மிதித்து அறியட்டும்.