90 நிமிடங்களுக்குள் கொட்டியாக வேண்டும்

கோலாலம்பூர் கட்டுமானத் தளங்களுக்கு ரெடிமிக்ஸ் கான்கிரீட் லோரிகளை அனுப்புவது என் வேலை. சிமெண்டில் தண்ணீர் பட்டதிலிருந்து 90 நிமிடங்களுக்குள் கொட்ட வேண்டும் என்பது பரவலான விதி. மாலை மழையில் ஜாலான் அம்பாங் நெரிசல் அதை மதிக்காது. இறுகலைத் தாமதப்படுத்த ஆலையிலேயே சேர்க்கும் ரசாயனம் ஓரளவு கைகொடுக்கும்.

தளத்தில்தான் பெரிய சிக்கல். "கலவை கெட்டியா இருக்கு, கொஞ்சம் தண்ணி விடுங்கண்ணே" என்று ஓட்டுநரை நச்சரிப்பார்கள். ஒரு வாளிகூடக் கூடாது என்பேன். கூடுதல் தண்ணீர் வற்றியதும் உள்ளே நுண்துளைகள், வலு போய்விடும். 30 சென்டிமீட்டர் கூம்பில் கலவையை நிரப்பி, கூம்பைத் தூக்கி, எவ்வளவு சரிகிறதென்று அளப்பார்கள். அளவு பொருந்தாத லோரி திரும்பட்டும். நட்டம் எங்களுக்குத்தான், பரவாயில்லை. மாதிரிக் கட்டியை நசுக்கி வலுவை உறுதிசெய்வது 28ஆம் நாள். அதற்குள் அந்தத் தூணின்மேல் அடுத்த மாடிகள் எழும்பியிருக்கும்.