வீட்டு டிசைன் சாஃப்ட்வேரில் கூரை பிய்ந்து நிற்கிறதா? அஸ்திவாரம் அந்தரத்தில் தொங்குகிறதா? - காரணமும் தீர்வும்!

சொந்த வீடு கட்டப்போகிறவர்கள் இப்போது இன்ஜினியரைப் பார்ப்பதற்கு முன்பே லேப்டாப்பைத் திறந்துவிடுகிறார்கள். ஸ்வீட் ஹோம் 3டி, ஸ்கெட்ச்அப், ஹோம் டிசைனர் என ஏதோ ஒன்றை இன்ஸ்டால் செய்து, தங்கள் கனவு வீட்டைத் தாங்களே வரைந்து பார்க்கிறார்கள். சுவர், கதவு, ஜன்னல் வரைக்கும் எல்லாம் ஜோராகப் போகும். ஹால் எங்கே, கிச்சன் எங்கே என்று வீட்டில் எல்லோரும் கூடி உட்கார்ந்து மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

சிக்கல் அதற்கப்புறம்தான். 'கூரை' பட்டனை அழுத்தினால் மொட்டை மாடிக்குப் பதில் மலை பங்களா மாதிரி ஒரு சரிவுக் கூரை வந்து உட்காரும். அதுவும் அங்கங்கே பிய்ந்து நிற்கும். 'அஸ்திவாரம்' பட்டனை அழுத்தினால் வீட்டுக்குக் கீழே இருட்டு அறை ஒன்று முளைக்கும், இல்லையென்றால் வீடே தரையிலிருந்து எழும்பி நிற்கும். "சாஃப்ட்வேர்ல ஏதோ பக் இருக்கு" என்று பலரும் அத்தோடு மூடிவைத்துவிடுகிறார்கள்.

உண்மையில் இது பெரும்பாலும் சாஃப்ட்வேரின் கோளாறு இல்லை. கூரையும் அஸ்திவாரமும் நாம் கொடுத்த உயர அளவுகளிலிருந்துதான் பிறக்கின்றன. அளவு சரியாக இருந்தால் முக்கால்வாசி சிக்கல் தானாகவே தீர்ந்துவிடும். எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

சாஃப்ட்வேருக்குத் தெரிந்த வீடு எது?

ஹோம் டிசைனர், அமெரிக்காவின் சீஃப் ஆர்க்கிடெக்ட் நிறுவனத்தின் தயாரிப்பு. அங்கே பரவலாகக் கட்டப்படுவது மரச்சட்டத்தில் எழும்பும் சரிவுக் கூரை வீடுகள். அந்தப் பழக்கம்தான் சாஃப்ட்வேரின் ஆரம்ப அமைப்பாகவும் இருக்கிறது. நாம் நான்கு சுவரை மூடியதுமே அது சுவர்களையும் அறைகளின் உயரத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த கூரையைப் போட்டுக் கொடுக்கிறது.

ஸ்கெட்ச்அப் வேறு ரகம். அதற்குக் கூரை என்றால் என்ன, சுவர் என்றால் என்ன என்றே தெரியாது. கோடும் பரப்பும் மட்டும்தான் தெரியும். இலவசமாகக் கிடைக்கும் ஸ்வீட் ஹோம் 3டி-யில் ஹோம் டிசைனரில் இருப்பது போல கூரையைத் தானாகப் போடும் வசதி கிடையாது. ஆக, எந்த சாஃப்ட்வேரில் வரைகிறோம் என்பதைப் பொறுத்து சிக்கலின் முகமும் மாறும்.

முதலில் எழுத வேண்டியது லெவல் கணக்கு

மவுஸைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில் ஐந்தாறு உயரங்களை எழுதிக்கொள்வது நல்லது. மனையின் தரையை 0 என வைத்துக்கொண்டால், ஒரு சாதாரண தரைத்தள வீட்டுக்கு இப்படி வரும்:

- அஸ்திவாரக் குழியின் அடிமட்டம்: -5 அடி (மண்ணைப் பொறுத்து இன்ஜினியர் முடிவு செய்வது)
- மனைத் தரை: 0
- ரோடு: +1 அடி
- வீட்டின் உள்தரை: +3 அடி
- மேல்தளத்தின் அடிப்பக்கம்: +13 அடி
- 5 அங்குல ஸ்லாப் போட்ட பிறகு மொட்டை மாடித் தரை: +13 அடி 5 அங்குலம்
- 3 அடி பாராபெட் சுவரின் உச்சி: +16 அடி 5 அங்குலம்

இது உதாரணம்தான். உங்கள் மனைக்கு உங்கள் எண்களைப் போட வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டிய இடம், '0' எது என்பது. ஸ்வீட் ஹோம் 3டி வெளித் தரையை 0 எனக் கொள்ளும். ஹோம் டிசைனரோ வழக்கமாக தரைத்தளத்தின் உள்தரையை 0 எனக் கொள்ளும். அங்கே மேலே உள்ள ஒவ்வொரு எண்ணிலிருந்தும் 3 அடியைக் கழிக்க வேண்டும். மனைத் தரை -3 ஆகும், குழியின் அடிமட்டம் -8 ஆகும். இதைக் கழிக்காமல் போடுவதால்தான் வீடு மண்ணில் புதைந்தும் அந்தரத்தில் தொங்கியும் தெரிகிறது.

9.10 என்றால் 9 அடி 10 அங்குலம் இல்லை!

நம்மூரில் 9 அடி 10 அங்குலத்தை '9.10' என்று எழுதுவது வழக்கம். கொத்தனாருக்கும் அது புரியும். கம்ப்யூட்டருக்குப் புரியாது. அதற்கு 9.10 என்றால் 9.1 அடி, அதாவது 9 அடி 1 அங்குலத்துக்குச் சற்று மேல். கிட்டத்தட்ட 9 அங்குலம் காணாமல் போய்விடும்! 10.6 என்று போட்டால் 10 அடி 6 அங்குலம் வராது, 10 அடி 7 அங்குலத்தைத் தாண்டும்.

ஒரு அறைக்கு இப்படியும் இன்னொரு அறைக்கு அப்படியும் போட்டுவிட்டால் இரண்டு அறைகளின் சுவர்களும் வெவ்வேறு உயரத்தில் நிற்கும். கூரை எங்கே போய் உட்காரும்? அடி, அங்குலத்தைத் தனித்தனியாக அதற்குரிய குறியோடு கொடுங்கள். இல்லையென்றால் மில்லிமீட்டருக்கு மாறிவிடுங்கள். 1 அடி என்பது 304.8 மில்லிமீட்டர். 10 அடி என்றால் 3048. இதில் குழப்பத்துக்கே இடமில்லை.

கூரை: அடிக்கடி வரும் 5 சிக்கல்கள்

1. மொட்டை மாடி வரவே மாட்டேங்குது!

ஹோம் டிசைனரில் கூரையைத் தானாகக் கட்டும் ஆட்டோ வசதியை முதலில் அணைக்க வேண்டும். பிறகு மேலே ஒரு தளம் சேர்த்து, அதைத் திறந்தவெளித் தளமாக மாற்றி, சுற்றிலும் 3 அடி உயரச் சுவர் எழுப்பினால் மொட்டை மாடி தயார். ஸ்வீட் ஹோம் 3டி-யில் +13 அடி 5 அங்குலத்தில் புது லெவல் ஒன்றைச் சேர்த்து, தரைக் கனத்தை 5 அங்குலமாக்கி, அறை ஒன்றை வரைந்து அதன் சீலிங்கை மறைத்துவிட்டு, 3 அடி சுவர் போட்டால் போதும். படிக்கட்டின் ஹெட்ரூமை அதே லெவலில் தனி அறையாக வரையலாம்.

2. கூரை துண்டு துண்டாக வருகிறது

இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, பக்கத்து அறைகளின் சீலிங் உயரம் வேறுபடுவது. ஹால் 10 அடி, பெட்ரூம் 9 அடி 10 அங்குலம் என்றிருந்தால் ஆட்டோ கூரை இரண்டு படிகளாகத்தான் வரும். மற்றொன்று, நேர்கோட்டில் இருக்க வேண்டிய வெளிச்சுவர் ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் விலகியிருப்பது. கண்ணுக்குத் தெரியாத அந்த விலகலுக்கும் சாஃப்ட்வேர் பொறுப்பாக ஒரு குட்டிக் கூரை போட்டுவிடும். மாடி வீடு என்றால் மேல்தளச் சுவர் கீழ்ச்சுவரோடு பொருந்தியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கூரையை இழுத்து ஒட்டவைப்பதற்கு முன் சுவர்களைச் சரிசெய்யுங்கள்.

3. ஓட்டு வீட்டின் சரிவு தப்பாக இருக்கிறது

அமெரிக்க சாஃப்ட்வேர்கள் சரிவை '12-க்கு எத்தனை' என்று கேட்கும். 12-க்கு 6 என்றால் 12 அங்குலம் உள்ளே போனால் 6 அங்குலம் உயரும் என்று அர்த்தம். இது 26.6 டிகிரி. 6 என்ற இதே எண்ணை டிகிரி கேட்கும் கட்டத்தில் போட்டால்? 20 அடி அகலமுள்ள வீட்டில் முகடு 5 அடி உயர வேண்டிய இடத்தில் ஒரு அடிக்குச் சற்று மேல்தான் உயரும். படத்தில் கூரை சப்பையாகத் தெரியும், அவ்ளோதான். ஆனால் அதே சரிவில் மங்களூர் ஓடு போட்டால் ஐப்பசி மழையில் ஓட்டு இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும்.

4. சுவருக்கும் கூரைக்கும் நடுவே முக்கோண ஓட்டை

சரிவுக் கூரையின் இரு முனையிலும் சுவர் முக்கோணமாக மேலேறி முகட்டைத் தொட வேண்டும். எந்தச் சுவர் அப்படி ஏற வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும். ஹோம் டிசைனரில் அந்தச் சுவரைத் தேர்ந்தெடுத்து 'கேபிள்' சுவராக மாற்றலாம். ரெவிட்டில் சுவரைக் கூரையோடு 'அட்டாச்' செய்ய வேண்டும். அதோடு, ரெவிட்டில் கூரையின் எல்லைக் கோடுகள் எங்கும் விடுபடாமல் மூடிய வடிவமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கூரையே உருவாகாது. ஸ்வீட் ஹோம் 3டி-யில் சுவரின் ஒரு முனைக்கு ஓர் உயரமும் மறுமுனைக்கு வேறு உயரமும் கொடுத்தால் சுவர் சரிவாக ஏறும்.

5. ஸ்கெட்ச்அப்பில் கூரைக்குப் பரப்பு விழவில்லை

நான்கு கோடும் வரைந்தாச்சு, நடுவில் மட்டும் வெறுமையாக இருக்கிறதா? கோடுகள் ஏதோ ஒரு முனையில் தொடாமல் இருக்கலாம், அல்லது நான்கு முனைகளும் ஒரே தளத்தில் இல்லாமல் இருக்கலாம். மூலைவிட்டமாக ஒரு கோடு போட்டுப் பாருங்கள். இரண்டு முக்கோணமாக நிரம்பினால், ஏதோ ஒரு முனை மேலோ கீழோ விலகியிருக்கிறது என்று அர்த்தம். இன்னொரு முக்கிய விஷயம், கூரையைத் தனி 'குரூப்' ஆக்கிவிடுங்கள். இல்லையென்றால் கூரையை நகர்த்தும்போது சுவரும் பசை போட்டது போலக் கூடவே இழுபடும்.

'பேஸ்மென்ட்' என்ற சொல் செய்யும் வேலை

அஸ்திவாரத்தில் வரும் முதல் குழப்பம் ஒரு சொல்லில் இருக்கிறது. நம் கொத்தனார் "பேஸ்மென்ட் 3 அடி தூக்கணும் சார்" என்று சொல்வது, தரைக்கு மேலே கட்டி மண் நிரப்பும் பகுதியை. சாஃப்ட்வேரில் பேஸ்மென்ட் என்றால் தரைக்குக் கீழே இருக்கும் அறை. அந்தப் பட்டனை நம்பி அழுத்தினால், நாம் மேலே தூக்க நினைத்த 3 அடிக்குப் பதிலாக அது பூமிக்குள் ஓர் அறையைத் தோண்டிவிடும். நமக்குத் தேவையானது 'பிளிந்த்' உயரம். அதைத் தரைத்தளத்துக்கும் மனைத் தரைக்கும் இடையிலான உயர வித்தியாசமாகக் கொடுக்க வேண்டும்.

இந்த உயரத்தை அலட்சியமாகவும் விடக்கூடாது. சுற்றியுள்ள தரையிலிருந்து குறைந்தது 45 செ.மீ. பிளிந்த் வேண்டும் என்கிறது இந்தியாவின் தேசிய கட்டட விதித்தொகுப்பு. பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே புது ரோடு போடும் தெருக்களில், இன்று 2 அடி உயரத்தில் நிற்கும் வீடு சில வருடங்களில் ரோட்டுக்குச் சமமாகிவிடும். படத்தில் ரோட்டையும் சேர்த்து வரைந்து பார்த்தால்தான் இது உறைக்கும்.

சுவரை நகர்த்தினேன், அஸ்திவாரம் நகரவில்லையே?

ஹோம் டிசைனரில் அஸ்திவாரம் என்பது தரைத்தளச் சுவர்களைப் பார்த்து ஒருமுறை உருவாக்கப்படும் தனித் தளம். பிறகு மேலே சுவரை நகர்த்தினால் கீழே இருப்பது தானாக நகராது. மறுபடியும் உருவாக்கச் சொல்ல வேண்டும், அல்லது ஆட்டோவில் விட வேண்டும். ஆட்டோவில் விட்டால் நீங்கள் கையால் செய்த மாற்றங்கள் அடுத்த முறை அழிந்துபோகும். அதனால் சுவர்களின் இடம் முழுதாக முடிவான பிறகே அஸ்திவாரத்துக்குப் போவது நல்லது. கூரைக்கும் இதே கதைதான். கையால் திருத்தும் முன் ஃபைலை வேறு பெயரில் ஒரு காப்பி எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க பாணி அஸ்திவாரத்தில் சுவருக்குக் கீழே நீளமாகக் கான்கிரீட் ஓடும். இங்கே இப்போது பரவலாகக் கட்டப்படுவது காலம், அதன் கீழே ஃபுட்டிங், காலங்களை இணைக்கும் பிளிந்த் பீம். அதைக் காட்ட வேண்டுமென்றால் ஆட்டோ அஸ்திவாரத்தைத் தவிர்த்துவிட்டு, காலம் வரும் இடங்களில் மட்டும் தனித்தனிப் பெட்டிகளாக வைப்பதே எளிது.

எல்லாம் சரியா? வெட்டிப் பாருங்கள்!

3டி படத்தை வெளியிலிருந்து மட்டும் சுற்றிப் பார்த்தால் தவறுகள் தெரியாது. வீட்டைக் கத்தியால் கேக் வெட்டுவது போல நடுவில் வெட்டிக் காட்டும் 'செக்‌ஷன்' வசதி ஸ்கெட்ச்அப், ஹோம் டிசைனர் போன்றவற்றில் இருக்கிறது. அதில் குழியின் அடிமட்டத்திலிருந்து பாராபெட் உச்சிவரை ஒவ்வோர் உயரத்தையும் அளந்து, தாளில் எழுதியதோடு ஒப்பிடுங்கள். எங்கே எண் மாறுகிறதோ அங்கேதான் சிக்கல்.

இந்தப் படத்தை எதற்கு நம்பக்கூடாது?

இதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம். இந்த சாஃப்ட்வேர்களில் தெரியும் அஸ்திவாரம் வெறும் உருவம்தான். அது எத்தனை டன் தாங்கும், எத்தனை கம்பி வேண்டும் என்று அவை கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. உங்கள் மண் எப்படிப்பட்டது என்றும் அவற்றுக்குத் தெரியாது. விருதுநகர், தூத்துக்குடி, கோவைப் பகுதிகளில் இருக்கும் கரிசல் மண் மழையில் உப்பி, வெயிலில் சுருங்கும். செம்மண்ணில் நிற்கும் அஸ்திவாரம் அங்கே சுவரைப் பிளந்துவிடலாம். திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

மொட்டை மாடியும் அப்படித்தான். திரையில் அது மட்டமான பலகை. நிஜத்தில் மழைநீர் வடிய 100-க்கு 1 என்ற அளவிலாவது வாட்டம் வேண்டும். 20 அடி நீளத்துக்கு இது சுமார் இரண்டரை அங்குலம். படத்தில் இல்லையே என்று கொத்தனாரிடம் கேட்காமல் விட்டால், தண்ணீர் தேங்கிக் கசிவதுதான் மிச்சம்.

எனவே இந்தப் படத்தை வைத்து நேரடியாகக் குழி வெட்டவோ சென்டரிங் அடிக்கவோ சொல்லக் கூடாது. மண் பரிசோதனையும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் வரைபடமும்தான் கட்டுமானத்துக்கு அடிப்படை. அப்படியானால் நாம் வரைந்தது வீணா? நிச்சயமாக இல்லை. "உள்தரை ரோட்டிலிருந்து எத்தனை அடி உயரம்? ஹெட்ரூம் எங்கே வருது? தண்ணி எந்தப் பக்கம் வடியும்?" என்று இன்ஜினியரிடம் தெளிவாகக் கேட்கும் அளவுக்கு நம்மைத் தயார்படுத்துவது அந்தப் படம்தான்.

திரையில் ஒரு சுவரை நகர்த்த ஒரு நொடி போதும். கடன் வாங்கிக் கட்டிய கான்கிரீட்டை நகர்த்த முடியாது. கேள்விகளை எல்லாம் அதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.