நின்றுபோன எலெக்ட்ரிக் கார் மின்சாரம் தயாரிக்கும்! தெரியுமா?

பெட்ரோல் கார் நடுவழியில் படுத்துவிட்டால் என்ன செய்வோம்? நியூட்ரலில் போட்டு, இன்னொரு வண்டியில் கயிறு கட்டி, மெக்கானிக் கடை வரை இழுத்துப் போய்விடுவோம். எலெக்ட்ரிக் காரை அப்படி இழுத்தால் மோட்டாரே பழுதாகிவிடக்கூடும், தெரியுமா?

பெரும்பாலான எலெக்ட்ரிக் கார்களில் கிளட்ச் கிடையாது! சக்கரமும் மோட்டாரும் பல்சக்கரங்களால் நிரந்தரமாகப் பிணைக்கப்பட்டவை. திரையில் நியூட்ரல் என்று காட்டும்போதும் எந்தப் பல்லும் விலகுவதில்லை; மோட்டாருக்கு ‘உந்தாதே’ என்ற கட்டளை மட்டும்தான் போகிறது. டெஸ்லா மாடல் 3 காரில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் மோட்டார் ஏறக்குறைய 9 சுற்று! மணிக்கு 60 கிலோமீட்டரில் இழுத்துப் பாருங்கள்: ‘அணைந்து கிடக்கும்’ மோட்டார் நிமிடத்துக்கு 4,000 சுற்றுக்கு மேல் சுழன்றுகொண்டிருக்கும்!

சுழன்றால் என்ன ஆகும்? அங்கேதான் அதிசயம். இன்றைய மோட்டார்கள் பலவற்றின் நடுவே நியோடிமியம் காந்தங்கள் புதைந்திருக்கின்றன. 1980களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸும் ஜப்பானின் சுமிட்டோமோவும் தனித்தனியே உருவாக்கிய அசுரக் காந்தம் அது. அதை அணைக்க ஸ்விட்சே இல்லை! காந்தம் சுழன்றால் பக்கத்துக் கம்பிச்சுருளில் மின்னழுத்தம் பிறக்கும் என்பது 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்ட உண்மை. டயரில் உரசிச் சுற்றும் சைக்கிள் டைனமோ விளக்கெரிப்பதும் இதே விதியால்தான். இழுக்கும் வேகம் இரட்டித்தால் மின்னழுத்தமும் இரட்டிக்கும். பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றித்தரும் இன்வெர்ட்டரில் உள்ள டயோடுகள் யாருடைய கட்டளைக்கும் காத்திராமல் அதை உள்ளே விடும். பேட்டரி துண்டிக்கப்பட்டிருந்தால் அந்த மின்னழுத்தம் போக்கிடமின்றி இன்வெர்ட்டரின் பாகங்கள் மீதே ஏறும். போதாததற்கு, பல கார்களில் எண்ணெய் பம்ப்பும் மின்சாரத்தில் இயங்குவது. கார் உயிரற்றுக் கிடந்தால் சுழலும் பற்களுக்கு எண்ணெயும் போய்ச் சேராது!

எல்லா மோட்டாரும் அப்படியல்ல. நிகோலா டெஸ்லா 1888-ல் காப்புரிமை பெற்ற இண்டக்‌ஷன் மோட்டாரில் நிலைக்காந்தமே இல்லை. மின்சாரம் கொடுக்காத வரை அது ஏறக்குறைய சாது. ஆனால் அதற்கும் பற்களுண்டு, எண்ணெய் வேண்டும். ஆகவே அதை நம்பியும் இழுக்கக்கூடாது.

அப்படியானால், கொண்டுபோகும்போது எந்தச் சக்கரத்தைத் தூக்குவது? நிசான் லீஃபில் மோட்டார் முன்சக்கரங்களைத்தான் சுற்றுகிறது. அவற்றைத் தூக்கிவிட்டால் பின்சக்கரங்கள் தரையில் உருளலாம். நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் கார்களில் அந்தச் சலுகை இல்லை. டெஸ்லாவின் கையேடு நான்கு சக்கரங்களும் தரையைத் தொடக்கூடாது என்கிறது. டெஸ்லா காரில் சக்கரங்களை உருளவிடும் ‘டிரான்ஸ்போர்ட் மோடு’, காரை முழுதாகச் சுமந்து செல்லும் தட்டை லாரியான பிளாட்பெட்டில் ஏற்றி இறக்க மட்டும்தான். அப்போதும் மணிக்கு 8 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. தவறாக ஏற்றிப்போய் வரும் சேதத்துக்கு வாரண்டியும் இல்லை!

எனக்கு மிக வியப்பூட்டியது இதுதான். அடியில் நூற்றுக்கணக்கான வோல்ட் பேட்டரி இருந்தாலும், சின்னஞ்சிறு 12 வோல்ட் பேட்டரி செத்தால் போதும்: மின் ஹேண்ட்பிரேக் விடாது, டிரான்ஸ்போர்ட் மோடும் வராது! அந்த நேரத்துக்காகவே மாடல் 3-ன் முன்பம்பரில், இழுவைக் கொக்கியைத் திருகும் இடத்தின் மூடிக்குள் இரண்டு வயர்கள் ஒளிந்திருக்கின்றன. வெளியிலிருந்து 12 வோல்ட் கொடுத்தால் முன்மூடி படக்கெனத் திறந்துகொள்ளும். உள்ளே உள்ள சின்ன பேட்டரிக்கு உயிர் கொடுக்கலாம். கொக்கியையும் வழக்கத்துக்கு மாறாக இடப்பக்கமாகத் திருக வேண்டும்! பிரேக் விடவே இல்லையென்றால், சக்கரங்களுக்கு அடியில் உருளைத் தள்ளுவண்டிகளைக் கொடுத்துத்தான் ஏற்ற வேண்டும்.

எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்களே, உதவிக்கு ஃபோன் செய்யும்போது முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்: “இது எலெக்ட்ரிக் கார், பிளாட்பெட் அனுப்புங்கள்.” கொக்கி போட்டு இழுக்கும் வண்டி வந்து நின்றால், எவ்வளவு அவசரமானாலும் திருப்பி அனுப்பிவிடுங்கள். உங்கள் கார் கையேட்டில் இழுவை பற்றிய பக்கத்தை இன்றே ஒருமுறை படித்துவிடுங்கள்.